கவர்னர் கழுத்தில் ஹார்பர் பில்லை

சுப்பராயன் தன் நாற்பத்து நான்கு வருட வாழ்க்கையில் யாரையும் அடித்ததில்லை. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த ஆண்பிள்ளைக்கு இது சாதாரணக் குறை அல்ல. குழாயடியில் குடத்தை முந்தி வைத்ததற்கே மண்டை உடைகிற பேட்டை அது. அங்கே ஆறடி உயரத்தில், மூட்டை தூக்கித் தேறிய தோளோடு ஒருவன் நடந்து வந்து, எதிரே சண்டைக்காரன் வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவான் என்றால் ஊர் எப்படி மதிக்கும்? மதிக்கவில்லை. யாரோ பயில்வானுக்கென்று செய்து வைத்த உடம்பை, வாங்கிப் போக ஆள் வராததால், பிரம்மா இவனுக்கு மாட்டி அனுப்பிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

அவன் பங்கு சண்டைகளையும் சேர்த்து அவன் மனைவி பட்டம்மாள் போட்டுவந்தாள். அதனால் குடும்பத்துக்கு மொத்தத்தில் நஷ்டமில்லை.

ஹார்பரில் அவனுக்குச் சிக்னல் காட்டுகிற வேலை. கப்பலின் மேல்தளத்தில் பெரிய சதுரக் குழி இருக்கும், அதற்குள்தான் சரக்கு. குழிக்குள் இருக்கிற கூலிகள் மூட்டைகளை வலையில் அடுக்குவார்கள். தூக்குகிற இயந்திரத்தை ஓட்டுகிறவனுக்குக் குழி தெரியாது. குழியில் நிற்கிறவனுக்கு இயந்திரம் தெரியாது. இரண்டும் தெரிகிற விளிம்பில் சுப்பராயன் நிற்பான். கட்டைவிரலை உயர்த்தினால் வலை மேலே போகும். கையைத் தாழ்த்தினால் இறங்கும். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் எல்லாம் நிற்கும். பதினைந்து வருஷமாக ஒரு கப்பலின் தலைவிதியே தன் உள்ளங்கையில் இருந்தும், அவன் அதை வைத்து யாரையும் அறைந்ததில்லை.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அவன் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், குழி விளிம்பில் இரண்டு பேர் ஒரு பீடிக்காகக் கட்டிப் புரண்டார்கள். சுப்பராயன் அவர்களைப் பார்த்தான். அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்தில் வலை இறங்கியது. பீடிக்காரர்கள் இருவரும் சட்டை கிழிந்ததோடு வீட்டுக்குப் போனார்கள். அந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாமல் கீழே குனிந்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு கால் போயிற்று.

"அடிச்சிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆவறதில்ல. பக்கத்துல கீறவன் காலுதான் போவுது" என்பான் சுப்பராயன். அதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்லமாட்டான். சொல்லச் சொன்னால் எழுந்து போய்விடுவான்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு நாய் வந்து சேர்ந்தது. ஐம்பத்தோராம் வருஷம் கோதுமைக் கப்பல் ஒன்றில், மூட்டைகளோடு மூட்டையாக வலையில் உட்கார்ந்து மேலே வந்தது. வெள்ளை உடம்பு, முதுகில் காவித் திட்டு, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும். எந்த தேசத்துப் பிரஜை என்று யாருக்கும் தெரியாது. கஸ்டம்ஸ்காரர்களும் கேட்கவில்லை. வேலை எதுவும் செய்யாமல், தெருவில் நடக்கிற எல்லா விசேஷத்துக்கும் போய் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்ததால், தெரு அதற்குக் கவர்னர் என்று பெயர் வைத்தது.

கவர்னரின் வீரம் எஜமானனுடையதைப் போலவேதான். பூனை வந்தால் வழிவிடும். கோழி முறைத்தால் வேறு ஏதோ ஞாபகம் வந்ததுபோலத் திரும்பி நடக்கும். பட்டம்மாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, "எனுக்குன்னு ஜோடியா வந்து வாச்சிதுங்க" என்பாள்.

சுப்பராயன் குடியிருந்தது எட்டுக் குடித்தனம் ஒரே முற்றத்தில் முட்டிக்கொள்கிற வீடு. நாய்க்கு ஓடியாட இடமில்லை. அதனால் தினமும் பகல் வேலை முடிந்து வந்ததும் அதைக் கல்மண்டபம் பக்கத்து நகரசபைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவான். பூங்கா என்றால் நாலு வேப்பமரம், தண்ணீர் வராத நீரூற்று ஒன்று, நடுவில் ஒரு கம்பத்தில் கூம்பு மாட்டிய ரேடியோ. சாயங்காலம் ரேடியோவைத் திறந்ததும் பேட்டையில் பாதி அங்கே வந்து குந்திவிடும். முதலில் நாகஸ்வரம், பிறகு செய்தி. செய்தி முடிந்ததும், கேட்ட செய்தியைப் பற்றி ஒன்றும் புரியாமல் சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

அந்தப் பூங்காவில் ஒரு நாயைக் காயமில்லாமல் உலாத்திக் கொண்டுவருவது, கப்பலில் சரக்கு இறக்குவதைவிடக் கஷ்டம். சுப்பராயன் அதை ஒரு வித்தையாகவே நடத்தினான். உள்ளே நுழையுமுன் கேட்டில் நின்று எந்தெந்த நாய் எங்கெங்கே என்று பார்த்துக்கொள்வான். கயிற்றைத் தொங்கவிடமாட்டான், இரண்டு முழத்துக்குமேல் கொடுக்கவும் மாட்டான். எதிரே வருகிற நாயின் பல்லைப் பார்ப்பது வீண் என்பது அவன் கட்சி. வாலைப் பார்க்கவேண்டும். ஆடிக்கொண்டிருந்த வால் விறைத்து நின்றால், ஆடிக்கொண்டிருந்த வலை சட்டென்று நின்ற மாதிரி. அடுத்து அறுந்து விழப்போகிறது. அப்போது நேருக்கு நேராகப் போகாமல், முன்பே யோசித்து வைத்த மாதிரி வளைந்து, மரத்தைச் சுற்றிப் போய்விடுவான். நீரூற்றுப் பக்கம் எவனாவது பொறை பிஸ்கோத்து போட்டு நாய்களைச் சேர்த்திருந்தால் அன்றைக்கு அந்தப் பக்கமே கிடையாது. நாய்க்குச் சொந்தக்காரன் குடித்திருந்தால், அவனை நாயாகவும் நாயை மனிதனாகவும் கருதி நடந்துகொள்வான்.

கவர்னரால் வந்த ஒரே தொல்லை சங்கீதம். நாகஸ்வரம் ஆரம்பித்ததும் அது கம்பத்தடியில் உட்கார்ந்து, மூக்கை வானத்துக்கு நீட்டி ஊளையிடும்.

"யோவ் சுப்பராயா, உன் நாயி சுதி சேக்குது" என்பார்கள்.

"மன்னிச்சிக்க நைனா. தோ இட்டுகினு போறேன்" என்று சுப்பராயன் அதை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போவான். அங்கேயிருந்தும் அது ஊளையிடும். ஆனால் பக்கவாத்தியம் மாதிரி தூரத்தில் கேட்கும்.

இந்த அமைதியான ராஜ்ஜியத்துக்குள் வேதமாணிக்கம் வந்தார்.

வேதமாணிக்கத்துக்கு நாசரேத் பக்கம் சொந்த ஊர். கல்மண்டபத்தருகே கருப்பட்டி மொத்த வியாபாரம். குட்டையான, கெட்டியான மனிதர்; கருப்பட்டியும் அப்படித்தானே இருக்கும். ஊரிலிருந்து ஒரு கோம்பை நாயை ரயிலில் வரவழைத்திருந்தார். செம்பழுப்பு நிறம், கரிய மூஞ்சி, பெயர் வீரன். பூங்கா கேட்டுக்கு வந்ததும் சங்கிலியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வார்.

"கட்டிப் போட்டா ரோஷம் போயிரும் வே" என்பார்.

வீரன் உள்ளே போய், தன் ரோஷத்தை நாலு மரத்திலும் ஒவ்வொரு நாயிடத்திலும் காட்டிவிட்டு வரும். யாராவது முறையிட்டால் அவர் ஒரே பதிலை வைத்திருந்தார்: "அவன் ஒண்ணும் செய்யமாட்டான்." இதைச் சொல்லும்போது வீரன் பெரும்பாலும் எதையாவது செய்துகொண்டுதான் இருக்கும்.

சுப்பராயன் பாதையை மாற்றினான். நேரத்தை மாற்றினான். வேதமாணிக்கம் இடது பக்கம் நுழைந்தால் இவன் வலது பக்கம் போனான். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

ஒரு புதன்கிழமை அது முடியாமல் போயிற்று. வேப்பமரத்தைச் சுற்றி வளைந்து வந்தபோது வீரன் எதிரே நின்றது. வால் விறைத்திருந்தது.

"அண்ணாச்சி, நாயைப் புடிங்க" என்றான் சுப்பராயன்.

"அவன் ஒண்ணும் செய்யமாட்டான்" என்றார் வேதமாணிக்கம், பத்து கஜத்துக்கு அப்பாலிருந்து.

வீரன் பாய்ந்தது. சுப்பராயன் கவர்னரை ஒரே வீச்சில் தூக்கி, கோதுமை மூட்டையைப் போலப் பிடரியில் போட்டுக்கொண்டான். பாய்ந்த நாய்க்கு வேட்டியின் ஒரு முழம் கிடைத்தது. அதைத் துப்பிவிட்டு மறுபடி பாயப் பின்வாங்கியது. சுப்பராயன் யோசிக்கவில்லை. பதினைந்து வருஷப் பழக்கத்தில் வலது கை தானாக எழுந்து, உள்ளங்கை விரிந்தது.

"நில்லு."

வீரன் நின்றது. பிறகு, தனக்கே காரணம் புரியாதது போல, உட்கார்ந்தது.

ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் முழுவதும் அதைப் பார்த்தது. யாரோ ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன், "அண்ணாச்சி, உன் வீரனுக்கு சுப்பராயன் சொல்றதுதான் கேக்குது. நீ வேற நாயி பாத்துக்க" என்றான். கூட்டம் சிரித்தது.

சுப்பராயன் மட்டும் சிரிக்கவில்லை. "தப்பா நெனச்சிக்காதீங்க அண்ணாச்சி" என்று கிழிந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். வேதமாணிக்கத்தின் நெஞ்சில் பாய்ந்த ஈட்டிகளில் அதுதான் மிகவும் கூர்மையானது. தன்னை எதிர்த்தவனை அவர் மன்னித்திருப்பார். தன் நாயை உட்காரவைத்துவிட்டு மன்னிப்பும் கேட்கிறவனை எப்படி மன்னிப்பது? அன்றே கடையில் உட்கார்ந்து, கருப்பட்டிச் சிப்பத்தைச் சுற்றுகிற தாளில், நகரசபைக்கு ஒரு மனு எழுதினார்.

மறுநாள் பூங்காக் காவல்காரன் இன்னாசி சுப்பராயனைக் கேட்டருகே இழுத்து நிறுத்தினான். மனு அவன் கை வழியாகத்தான் போயிருந்தது.

"பில்லை இல்லாத வெள்ளை நாயி ஒண்ணு பார்க்குல ஜனங்களுக்குப் பேஜாரு குடுக்குதுன்னு எழுதிக்கீறாரு. சனிக்கெழம சாயங்காலம் நாய் வண்டி வருது. உன் நாய்க்கு பில்லை கீதா இல்லியா?"

"எழுதிக் குடுக்கணும்."

"இன்னும் குடுக்கலியா?"

சுப்பராயன் கவர்னரைக் கிட்டே இழுத்துக்கொண்டான்.

வளர்க்கிற நாய்க்கு வருஷத்துக்கு ஒருமுறை நகரசபையில் பதிந்து, பித்தளைப் பில்லை வாங்கிக் கழுத்தில் கட்டவேண்டும். பில்லை இல்லாத நாயைச் சுருக்குப் போட்டு வண்டியில் ஏற்றுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம், பிடித்த நாய்களை அடைத்துவைக்கிற டிப்போவுக்குள் போன நாயை மீட்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை லீவு. திங்கட்கிழமை காலையில் டிப்போவிலிருந்து வெளியே வருவது நாயாக இருக்காது.

இது தெரிந்துதான் சுப்பராயன் அரைநாள் கூலியை விட்டுவிட்டு ஏழு முறை நகரசபை ஆபீசுக்குப் போயிருந்தான். ஜன்னல் பத்து மணிக்குத் திறந்து பதினொன்றரைக்கு மூடும். வரிசையில் நிற்பான். கைக்குழந்தைக்காரி வந்தால் முன்னே விடுவான். கிழவர் வந்தால் விடுவான். 'அவசரம்பா' என்று சொல்கிறவனை விடுவான். 'நான் அப்பவே இங்க நின்னேன்' என்று பொய் சொல்கிறவனையும் விடுவான். அவன் முறை வரும்போது ஜன்னல் பலகை இறங்கும். ஏழு முறையும் அப்படியே. பட்டம்மாள் போயிருந்தால் முதல் நாளே பில்லையோடு குமாஸ்தாவின் மூக்குக்கண்ணாடியையும் சேர்த்துக் கொண்டுவந்திருப்பாள். ஆனால் சும்மா திரும்பியதைச் சொன்னால் வீட்டில் ரகளை வரும் என்று, "எழுதிக் குடுத்துட்டேன்மே. பில்லை வரும்" என்று முதல் நாளே சொல்லிவைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை எட்டாம் முறை போனான். ஒரு கர்ப்பிணிப் பெண் வந்தாள். பிறகு அவளுடைய அக்காள் வந்தாள். பலகை இறங்கியது.

சனிக்கிழமை காலையில் கவர்னரைக் கட்டிப்போட்டுவிட்டு, "இன்னிக்கி அது கட்டியே இருக்கட்டும்மே. காலு வலி மாதிரி கீது" என்று இன்னொரு பொய்யையும் சொல்லிவிட்டு ஹார்பருக்குப் போனான். சண்டையைத் தவிர்க்க ஒரு பொய், அந்தப் பொய் பிடிபடாமலிருக்க இன்னொன்று. நல்லவர்கள் இப்படித்தான் கெட்டுப்போகிறார்கள்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தபோது கட்டியிருந்த இடத்தில் வெறும் கொக்கிதான் இருந்தது.

"நாயி எங்கம்மே?"

"காலு வலின்னியே, எனுக்கு முன்னாடி குதிச்சிகினு நின்னுது. அவுத்து வுட்டேன். ரேடியோ சத்தம் கேட்டதும் உன்னைத் தேடிகினு பார்க்குக்குப் போய்க்கீது. கயித்தோடதான் போச்சி." பட்டம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். "இன்னாய்யா? மூஞ்சி ஏன் இப்டி போவுது?"

"நாய் வண்டி வந்துகீதும்மே."

"வந்தா இன்னா? பில்லைக்குத்தான் எழுதிக் குடுத்துட்டியே. சீட்டைக் காட்டு."

சுப்பராயன் வெறும் கொக்கியைப் பார்த்தான். திருமணமாகி இருபது வருஷத்தில் பட்டம்மாளுக்கு அவன் மௌனங்கள் எல்லாம் மனப்பாடம். இந்த மௌனத்தைக் கேட்டதும் அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ குடுக்கல."

"குடுக்கலம்மே."

"மொதல்ல நாயைப் பாக்கலாம் வா. உன்கிட்ட அப்பால பேசிக்கிறேன்" என்று சொல்லி, அவனுக்கு முன்னால் அவள் தெருவில் ஓடினாள்.

பூங்காவில் நாகஸ்வரம் உச்சத்தில் இருந்தது. கம்பத்தடியில் கவர்னர், உலகத்தை மறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஊளையிட்டது. கேட்டுக்கு உள்ளே இரும்புக் கூண்டு ஏற்றிய மாட்டுவண்டி நின்றது. கூண்டில் ஏற்கெனவே ஐந்து நாய்கள். வண்டி மேஸ்திரி வரதன், கையில் சுருக்குக் கயிற்றோடு, கூட்டத்துக்கிடையே குனிந்து நடந்து வந்துகொண்டிருந்தான். அவனுக்கும் கவர்னருக்கும் இருபதடி.

சுப்பராயன் ஓடிவந்து மண்டியிட்டான். அவன் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஹார்பர் பில்லை தொங்கியது: பித்தளை, வட்டம், நடுவில் நங்கூரம், அடியில் நானூற்றுப் பதினேழு. அது இல்லாமல் ஹார்பர் கேட்டுக்குள் விடமாட்டார்கள். குளிக்கும்போதுகூட அவன் கழற்றுவதில்லை. அதைத் தலைவழியே இழுத்து நாயின் தலைவழியே மாட்டினான்.

வரதன் வந்தான். வெள்ளை மயிருக்குள் பித்தளை மின்னியது. நம்பரும் தெரிந்தது; வடிவம் அடர்ந்த மயிரில் மறைந்திருந்தது. பில்லை கட்டிய நாயைப் பிடித்துவிட்டு ஆபீசில் பதில் சொல்வது அவனுக்கு வேண்டாத வேலை.

"இதான் அந்த மனு நாயா? பில்லைதான் கீதே" என்று திரும்பினான்.

இன்னாசி காதருகே வந்தான். "இட்டுகினு ஓடிடு மாமு. நிக்காத."

சுப்பராயன் ஓடினான். கேட்டைத் தாண்டி வெளியே வந்து, கயிற்றைப் பட்டம்மாள் கையில் கொடுத்தான். காரியம் முடிந்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் கேட்டது. குழந்தை அழுவது போன்ற, ஒரு பெரிய நாயின் மெல்லிய சத்தம்.

வீரன் சுருக்கில் மாட்டியிருந்தது. அதன் கழுத்து வெறுமையாக இருந்தது.

"ஏ, விடும்வே. அதுக்கு லைசென்ஸ் இருக்கு" என்று வேதமாணிக்கம் சுருக்கைப் பிடித்து இழுத்தார்.

"பில்லை எங்க?"

"கடையில இரும்புப் பெட்டியில பத்திரமா பூட்டி வச்சிருக்கேன்."

வரதன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "பெட்டி கொரைக்குமா நைனா? பில்லையை நாயி கழுத்துல கட்டறதா, பெட்டியில கட்டறதா?"

"பித்தளை வே. நாய் எங்கயாவது புரண்டு தொலைச்சிட்டா?"

வியாபாரி என்ற முறையில் அவர் பேசியது நியாயம்தான். சர்க்கார் முத்திரை போட்ட எதையும் அவர் வெளியே விட்டுவைத்ததில்லை. கடைப் பத்திரம், தராசு முத்திரைச் சீட்டு, நாய்ப் பில்லை எல்லாம் ஒரே பெட்டியில், வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில். நாயைத் திறந்துவிட்டு, பில்லையைப் பூட்டிவைத்தார்.

"ஓடிப் போய் எடுத்துட்டு வாரேன். நில்லும்."

"டிப்போ ஏழு மணிக்குப் பூட்டிடுவாங்க. நான் நிக்க மாட்டேன்" என்றான் வரதன். வீரனைக் கூண்டில் தள்ளிக் கதவைச் சாத்தினான். அந்த நாயின் ரோஷமெல்லாம் எங்கே போயிற்றோ, மற்ற ஐந்து நாய்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கம்பி வழியே எஜமானரைப் பார்த்தது. வேதமாணிக்கம் வேட்டியை மடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக, கடையை நோக்கி ஓடினார்.

சுப்பராயன் கேட்டுக்கு வெளியே நின்றான். வீடு அந்தப் பக்கம். நாய் கையில். இங்கே இன்னும் ஐந்து நிமிஷம் நின்றால், வரதன் இன்னொரு முறை கவர்னரின் கழுத்தைப் பார்க்கலாம். பார்த்தால் நங்கூரம் தெரியும்.

"வாய்யா போலாம். அந்தாளு செஞ்சதுக்கு அந்தாளுக்கே வந்துகீது" என்றாள் பட்டம்மாள்.

"அந்த நாயி இன்னாம்மே செஞ்சிது?" என்றான் சுப்பராயன்.

அவன் திரும்பிப் போய்க் கேட்டின் நடுவில் நின்றான். ஒரு வண்டி போகிற அகலம்தான் அந்தக் கேட். வரதன் மாட்டைத் தட்டினான். வண்டி நகர்ந்தது. சுப்பராயன் வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்தான். மாடுகள் நின்றன. வரதனும் நின்றான். ஏன் நின்றோம் என்று அவனுக்கும் தெரியவில்லை.

"இன்னா மாமு?"

"நாகஸ்வரம் முடிஞ்சிபோச்சி நைனா. ஜனங்க வராங்க. அந்தப் பெரியம்மா போவட்டும். காலு சரியில்ல."

பெரியம்மா போனாள். பிறகு ஒரு குழந்தைக்காரி. பிறகு அவசரக்காரன் ஒருவன். சுப்பராயன் ஒவ்வொருவருக்கும் இடது கையால் வழிகாட்டி, வலது உள்ளங்கையை வண்டிக்கு நேராக விரித்தபடியே வைத்திருந்தான். எட்டு முறை நகரசபை வரிசையில் அவன் பழகிய கலை அது. யாரையும் தள்ளவில்லை. யாரையும் திட்டவில்லை. எல்லோரையும் முன்னே விட்டான்.

பட்டம்மாளுக்குப் புரிந்தது. கவர்னரோடு கேட்டுக்கு வெளியே சுவரோரமாகக் குந்தினாள். வெளியே வந்தவர்களின் காதில் ஏதோ சொன்னாள். பூங்காவின் பக்கத்து வேலியில் ஒரு ஓட்டை உண்டு, காசிமேட்டுக்குக் குறுக்குவழி. வெளியே வந்தவர்கள் அந்த ஓட்டை வழியாக மறுபடி உள்ளே போய், மறுபடி கேட் வழியாக வர ஆரம்பித்தார்கள். ராயபுரத்து ஜனங்கள் அவ்வளவு ஒழுங்காக வரிசையில் நடந்ததை நகரசபை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

"யோவ், இந்தக் கெழவன் நாலாவது தபா போறான்" என்றான் வரதன்.

"ரேடியோல செய்தி ரெண்டு தபா சொல்றான். நான் நாலு தபா நடக்கக் கூடாதா?" என்றார் கிழவர்.

"கைய எறக்கு மாமு. நேரமாவுது."

"தோ, இவங்க மட்டும் போவட்டும் நைனா." சுப்பராயன் கையை இறக்கவில்லை.

அப்போது தெருக்கோடியில் வேதமாணிக்கம் தெரிந்தார். தலையில் இரும்புப் பெட்டி. பதற்றத்தில் சாவி பூட்டுக்குள் நுழையாமல், பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஹார்பர் கூலிகூட அந்தப் பெட்டியை ஒற்றை ஆளாகத் தொடமாட்டான். பெட்டியை வண்டிக்கு முன்னால் இறக்கி, அரைஞாணிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து, கைக்குட்டையில் பொதிந்த பில்லையை நீட்டினார். மூச்சு வாங்கியதில் வார்த்தை வரவில்லை.

வரதன் அதைக் கேட் விளக்கில் பிடித்துப் பார்த்தான். முக்கோணம். அந்த வருஷத்து நாய்ப் பில்லை எல்லாம் அந்த வடிவம்தான். கூண்டைத் திறந்தான். வீரன் வேதமாணிக்கத்தின் காலுக்கிடையில் புகுந்து, வெளியே வர மறுத்தது.

முக்கோணப் பில்லையைத் திருப்பிக் கொடுக்கப்போன வரதனின் கை பாதியில் நின்றது. அவன் கண் சுவரோரம் போயிற்று. அங்கே கவர்னர் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தது. கழுத்தில் வட்டமாக, பெரிதாக, பித்தளை.

"மாமு," என்றான் வரதன் மெதுவாக. "உன் நாயி ஹார்பர்ல இன்னா வேலை பாக்குது?"

யாரும் சிரிக்கவில்லை. பட்டம்மாள் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள். சுப்பராயன் கையை இறக்கினான்.

"பில்லை என்னுது. நாயும் என்னுது. நாய்க்குப் பில்லை இல்ல" என்றான்.

இரண்டு பொய்களுக்குப் பிறகு வந்த அந்த உண்மையைக் கேட்டு, பட்டம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். வரதன் சுருக்குக் கயிற்றை எடுத்தான்.

"வே," என்றார் வேதமாணிக்கம். அவருக்கு இப்போதுதான் மூச்சு வந்திருந்தது. "அந்த மனு எழுதினவன் நாந்தான். அதைக் கிழிச்சிப் போடும்."

"மனு ஆபீஸ்ல கீது. என்கிட்ட நாயைப் புடிக்கச் சொல்லி குடுத்த சீட்டுதான் கீது."

"சீட்டுல என்ன போட்டிருக்கு? வாசியும்."

வரதன் மடியிலிருந்து சீட்டை எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தான். "பூங்காவின் உள்ளே திரியும்..."

"அந்த நாய் உள்ளயா இருக்கு?"

வரதன் கேட்டைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். கவர்னரின் வால் நுனிக்கும் கேட்டுக்கும் ஒரு முழம் இருந்தது. தெருவில். கூண்டுக்குள் ஐந்து நாய்கள் ஊளையிட்டன. மணி ஏழு அடிக்கப்போகிறது. நாலு தபா நடந்த கிழவர் ஐந்தாம் தபாவுக்குத் தயாராக நின்றார்.

"திங்கக்கெழம பன்னெண்டு மணிக்கு நான் இந்தத் தெருவுக்கும் சீட்டு வாங்கிகினு வருவேன்" என்றான். "அதுக்குள்ள அது கழுத்துல முக்கோணமா ஒண்ணு தொங்கணும். இல்லேன்னா நானும் உன் வூட்டு வாசல்ல நின்னு கைய காட்டுவேன்."

திங்கட்கிழமை சுப்பராயன் வேலைக்கு அரைநாள் போகவில்லை. நகரசபை வரிசையில் அவனுக்கு முன்னால் வேதமாணிக்கம் நின்றார். இரண்டு முழங்கைகளையும் விரித்து, "தள்ளும்வே, தள்ளும்" என்று கருப்பட்டிச் சிப்பம் உருளுவது போல முன்னேறினார். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் சுப்பராயனைக் காணவில்லை. அவன் பத்து ஆளுக்குப் பின்னால், ஒரு பாட்டிக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தான். வேதமாணிக்கம் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்தார். பதினொன்றரைக்குப் பலகை இறங்கியபோது அதற்கு அடியில் தன் முழங்கையைக் கொடுத்தார். குமாஸ்தா கத்தினார். வேதமாணிக்கம் திரும்பக் கத்தினார். சுப்பராயன் இருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுப் பில்லையை வாங்கினான்.

மத்தியானம் அவன் ஹார்பர் கேட்டுக்குப் போனபோது, கழுத்தில் நானூற்றுப் பதினேழு திரும்பியிருந்தது. கறுப்புக் கயிறு முழுவதும் வெள்ளை மயிர். வீட்டில் பட்டம்மாள் சனிக்கிழமை ஆரம்பித்த பேச்சை இன்னும் முடிக்கவில்லை. ஒரு வாரத்துக்கு முடிக்கவும் இல்லை. அதையும் அவன் நின்று கேட்டான். தெருவைக் கடந்து போக அங்கே வசதியில்லை.

கவர்னர் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தது. வீரனும் சங்கிலியில்தான் வந்தது, கழுத்தில் முக்கோணத்தோடு. ஆனால் அந்தப் பூங்காவில் இன்னொரு தொல்லை புதிதாக முளைத்தது. வேப்பமரத்துப் பாதை குறுகலானது. இரண்டு பேரும் நாய்களோடு எதிரெதிரே வந்தால், சுப்பராயன் ஒதுங்கி நிற்பான். வேதமாணிக்கமும் ஒதுங்கி நிற்பார்.

"நீர் போம்வே."

"நீங்க போங்க அண்ணாச்சி."

"நான் சொல்லுதேன்லா. போம்."

"இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்க பெரியவங்க."

இரண்டு நாய்களும் சலித்துப்போய்ப் பாதையில் படுத்துவிடும். செய்தி முடிந்து, கூட்டம் கலைந்து, ரேடியோவை அணைத்துவிட்டு, இன்னாசி மணியை ஆட்டிக்கொண்டு வந்து, நாலு பேரையும் சேர்த்து வெளியே தள்ளிக் கேட்டைப் பூட்டுவான்.